தூளிக்கு இன்னும் ஒரு சாண்

போன ஞாயிறு, குன்னம் பக்கத்தில் எங்கள் வீட்டில் தூளி கட்டினோம். அக்கா பையனுக்கு முதல் தூளி. இப்போதெல்லாம் வெறும் சேலை போதுமா என்ன? பெரம்பலூரிலிருந்து அப்பா ஒரு கனத்த ஸ்பிரிங் வாங்கி வந்திருந்தார். உத்தரத்தில் ஸ்பிரிங், அதில் சேலை.

அக்கா பாயில் படுத்தபடியே ஆட்ட வேண்டுமாம். அதனால் அப்பா தாழ்வாகக் கட்டினார். பிள்ளையை வைத்தா சோதிக்க முடியும்? அவன் எடைக்குச் சின்ன வெங்காயத்தைப் பையில் கட்டி, தூளியில் மெதுவாக இறக்கினார். ஸ்பிரிங் ஒரு சாண் நீண்டது. தரைக்கு மேலே நாலு விரல் இடைவெளி.

"போதும். பிள்ளைய தூக்கியாம்மா" என்றார் அக்காவிடம்.

எனக்குத் திக்கென்றது. காரணம், என் பிளஸ் டூ லேப். எங்கள் குடும்பத்தில் லேப் என்ற அறைக்குள் கால் வைத்த முதல் ஆள் நான் — இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

அரியலூர் ஸ்கூல். வெளியே சிமென்ட் லாரி போனால் ஸ்பிரிங்கில் தொங்கும் எடை தானாக ஆடும். அது நிற்கும்வரை நானும் என் லேப் தோழி தமிழரசியும் கதை பேசுவோம். ஒருநாள் அவள் எடையை மாட்டிய கையோடு சட்டென்று விட்டுவிட்டாள். மெதுவாக இறக்கும்போது நீண்டதைப் போல இரண்டு மடங்கு நீண்டு, மேலே வந்தது!

மெதுவாக இறக்கினால், எடை இறங்கும்போது விடும் ஆற்றலில் பாதியைக் கை வாங்கிக்கொள்கிறது. கை இல்லாவிட்டால்? அது எங்கும் தொலையாது. முதலில் வேகமாகும், பிறகு மொத்தமும் ஸ்பிரிங்குக்குள் போய்ச் சேரும். அதுவரை எடை இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

"இருங்கப்பா... பைய சட்டுனு விட்டுப் பாருங்க."

"பிள்ளைய எவடி அப்படிப் போடுவா?" — அம்மா.

"தூக்கக் கலக்கத்துல அக்கா கை நழுவுனா?"

அப்பா பையைத் தூளியோடு ஏந்தி, ஸ்பிரிங் தளர்ந்ததும் கையை விட்டார். தொப்! பை தரையில் மோதியது.

அம்மா பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"நசுங்கிப் போச்சு. கொழம்புக்கு ஆச்சு."

அப்பா ஒரு சாண் ஏற்றிக் கட்டினார். மறுபடி விட்டார். பை தரையைத் தொடாமலே மேலே போனது. அக்கா உட்கார்ந்தே ஆட்டிக்கொள்ளட்டும்.

பிறகு பிள்ளையை இறக்கினார். அடியில் கொடுத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"அதான் கணக்கு சரியாப் போச்சுல்ல. கைய எடுங்க" என்றாள் அம்மா.

"எடுக்கறன், எடுக்கறன்..."

பையன் தூங்கிவிட்டான். கை அங்கேயேதான் இருந்தது.

என் கணக்கில் அந்தக் கைக்கு வேலையே இல்லை... அவர் கேட்டால்தானே!