மச்சானுக்கு நான் பார்த்துக்கொடுத்த ஷெய்கு

தகுதியில்லாத ஒருவரை நல்ல ஞானாசிரியர் என்று சாட்சி சொன்னவன் நான். தெரியாமல் அல்ல, தெரிந்தே சொன்னேன். போன வாரம் பேரன் ஒரு கேசட்டைப் போட்டு, "இந்த ஹஜ்ரத்துகிட்ட முரீதா, சீடனாச் சேரலாமா? கேட்டுச் சொல்லுங்க" என்றான். குரல் நன்றாகத்தான் இருந்தது. அவன் சட்டையில் அத்தர் மணத்தது. எனக்கு அந்த வாசனைக்கு அடியில் எப்போதும் இன்னொன்று வரும்: வெயிலில் சதை அழுகக் குவித்துப்போட்ட சங்குகளின் நாற்றம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடியில் என் லாத்தாவைக் கட்டிய மச்சான் சங்கு குளிப்பவர். கடலுக்குள் இறங்குகிறவரின் கயிற்றை வள்ளத்திலிருந்து பிடிப்பவன் அவர் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். சொந்த அக்காவைத் தாலியறுக்க எவன் விடுவான்? அதனால் காலேஜ் படித்த நானும் சீசனில் வள்ளத்தில் உட்கார்ந்தேன். "ஏலே இங்கிலீசு, கயித்த விட்டுட்டு பேப்பர் படிச்சிராத" என்று பக்கத்து வள்ளத்தில் கேலி செய்வார்கள். மச்சானுக்கோ காதுவலிக்கு எந்த எண்ணெய் என்பதற்குக்கூட என்னைக் கேட்க வேண்டும்.

ஒருநாள் ஈரம் சொட்ட உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "கீழ இருக்கும்போது அல்லா பேரச் சொல்லுற திக்ரு தானா வருது மாப்ள. மேல வந்தா நின்னுருது. அத நிக்காமப் பண்ணித் தர ஒரு ஷெய்கு பாத்துச் சொல்லு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிதாபுகளில் படித்து வைத்திருந்தேன். மார்க்கம் அறிந்தவராக, அறிந்தபடி நடப்பவராக இருக்க வேண்டும். அறுபடாத குருவழி வேண்டும். துனியா ஆசை, உலக ஆசை கூடாது. முக்கியமாக, கோபத்தை விழுங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து ஒரு ஷெய்கு எங்கள் ஊருக்கு வந்து தங்கினார். அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சாம்பிராணிப் புகைக்குள் அவர் ஓதுவது, தண்ணீருக்கடியில் யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தத் தம்பிக்கு விளங்குற அளவு இங்க யாருக்கும் விளங்காது" என்றார். நான் அதிலேயே கரைந்துவிட்டேன்.

ஒரு பகல் விருந்தில் மீன் ஆணத்தில் உப்பு கூடிப்போயிற்று. ஷெய்கு கோப்பையைத் தூக்கிச் சமைத்த கிழவர்மேல் எறிந்தார். சூடான ஆணம் அவர் தாடியில் வழிந்தது. உடனே சிரித்து, அது கிழவருடைய ஆணவத்துக்கு மருந்து என்றார் ஷெய்கு. எல்லாரும் தலையாட்டினோம். மச்சான் மட்டும் என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் கேட்டார்: "நீ என்ன சொல்லுத மாப்ள?"

"இவர விட நல்ல ஷெய்கு கெடைக்க மாட்டாரு மச்சான்."

மச்சான் அவருக்குக் கைகொடுத்து முரீது ஆனார். தொழிலை விட்டுவிட்டுத் தன்னோடு வந்து பணிவிடை செய்யச் சொன்னார் ஷெய்கு. மச்சான் கொழும்புத் தோணியில் ஏறிப் போனார். வயிற்றில் பிள்ளையோடு இருந்த லாத்தா என்னை ஏசவில்லை. "நீ சொன்னதுனாலதான தம்பி போனாரு" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த தோணியில் நானும் போனேன். ஷெய்கு வீட்டு அடுப்படியில் மச்சான் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன் மச்சான். அவரு என்னப் புகழ்ந்தாரு. அதான்."

அவர் கை நிற்கவில்லை. "எனக்கும் அன்னைக்கே தப்பாத்தான் பட்டுச்சு. படிச்சவன் நீ சொன்ன பெறவு, என் கண்ணுலதான் குத்தம்னு நெனச்சேன்" என்றார். செதிலைக் கழுவிவிட்டு என்னோடு புறப்பட்டார்.

அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மறு சீசனில் கயிற்றையும் என் கையிலேயே தந்தார். வழக்கத்தை மாற்றினால் ஊர் கேட்கும். இன்று அந்த வள்ளங்கள் இல்லை. காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள், கயிறு பிடிக்கப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் வேண்டியதில்லை.

லாத்தாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பெயர் வைக்கும் நாளில் மூன்று நாலு நல்ல பெயர்களை யோசித்து வைத்துக்கொண்டு மச்சானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிக் குனிந்து, என்ன பேர் வைக்கலாம் என்று பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டார்.