தேறிய கன்னம்

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பெங்களூர் ஒக்கலிபுரத்து வீட்டுக்கு வந்த அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகளுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா. காலையும் மாலையும் இன்ஹேலரில் ஒரு பஃப் இழுக்க வேண்டும், நிறுத்தவே கூடாது, அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றார் டாக்டர். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

காரணம் என் அப்பா. கோலார் தங்க வயலில் சுரங்க வேலை பார்த்து நுரையீரலில் தூசியோடு வந்தவர். மூச்சு முட்டும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். வருஷக்கணக்கில் போட்டார். முகம் உருண்டு கன்னம் பளபளத்தது. "நல்லா தேறிட்டாரே" என்று அக்கம்பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். நாங்களும்தான். பிறகு ஒருநாள் குளிக்கப்போன இடத்தில் வழுக்கினார், இடுப்பெலும்பு முறிந்தது, எழுந்திருக்கவே இல்லை. அந்த மாத்திரை ஸ்டீராய்டு, முகத்தை ஊதவைத்ததும் எலும்பைத் தின்றதும் அதுதான் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

அதனால் தினமும் பஃப் கொடுத்துவிட்டு மகளின் கன்னத்தைப் பார்ப்பேன். பீன்யா ஃபேக்டரியில் நாள் முழுக்க உதிரிப்பாகங்களில் கீறல் தேடும் கண் இது, வீட்டுக்கு வந்தும் ஓயாது. மூன்று வாரத்தில் இருமல் அடங்கி, சோறு கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அதற்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மா குழாயடியில் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்னிடம் சொன்னார்:

"பாப்பா நல்லா தேறிட்டா அக்கா. கன்னம் பாரு, குண்டா ஆயிட்டுது."

அவர் பாராட்டித்தான் சொன்னார். எனக்கு அப்பாவின் கன்னம்தான் தெரிந்தது. அன்றே பஃப்பை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கணவர் ஷிஃப்ட் வேலை, மருந்து என் பொறுப்பு. கொடுத்தாயா என்று கேட்பார், கொடுத்தேன் என்பேன். அந்தப் பொய்கூட என்னை உறுத்தவில்லை, பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்ற மிதப்பு.

ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு மாலை பள்ளியிலிருந்து போன். போய்ப் பார்த்தால் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், தோள் ஏறி ஏறி இறங்குகிறது, அம்மா என்று முழுதாகச் சொல்ல மூச்சு இல்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பாழாய்ப்போன சிக்னல்களைத் திட்டினேன். திட்ட வேண்டியது யாரை என்று எனக்குத் தெரியும்.

முகமூடி மாட்டிப் புகை மருந்து வைத்து மூச்சு ஆறிய பிறகு டாக்டர் பஃப் டப்பாவைக் கேட்டார். போன் வந்ததுமே பீரோவைத் திறந்து எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். இன்னும் எத்தனை பஃப் மிச்சம் என்று காட்டும் பின்பக்கத்து எண்ணைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் தீர்ந்திருக்க வேண்டிய மருந்து, பாதிக்கு மேல் மிச்சம். ஷிஃப்டிலிருந்து வந்துசேர்ந்திருந்த கணவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் கதையைச் சொல்லி அழுதேன்.

டாக்டர் அதட்டவில்லை. அந்த மாத்திரை உடம்பு முழுக்கப் போவது, இது பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு நிற்பது என்றார். இதிலும் ஒன்றுமே ஆகாது என்று சத்தியம் செய்ய மாட்டேன், உயரம் கொஞ்சம் குறையலாம், வாய் கொப்பளிக்காவிட்டால் புண் வரலாம், உயரத்தை நானே அளந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். கன்னம்? அவள் மூச்சு விட்டாள், சாப்பிட்டாள், தேறினாள், அவ்வளவுதான் என்றார்.

பிறகு சீட்டு எழுதினார். மூச்சுக்குழாய் வீக்கம் இறங்க ஐந்து நாளைக்கு ஒரு மாத்திரை. ஷாப்பில் அட்டையை வாங்கிப் பெயரை இரண்டு தடவை படித்தேன். அப்பாவின் மாத்திரை.

திரும்பிப் போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் களைத்துப்போன குரலில் சொன்னார்:

"ஐந்து நாளுக்கு பயமில்லம்மா. இது தேவைப்படக் கூடாதுன்னுதான் அந்த பஃப் குடுத்தேன்."

வீட்டில் மாத்திரையை அவள் நாக்கில் நான்தான் வைத்தேன். முகத்தைச் சுளித்து, கசக்குது என்றாள். அப்பா அத்தனை வருஷமும் அது கசக்கும் என்று எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"நாளைக்கும் இதுதானாம்மா? பஃப்பே குடேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பழைய பழக்கத்தில் பஃப்பைத் திரும்பவும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன். பீரோ சாவியைத் தேடப் போனேன்.