மூன்றாவது வரியோடு நிறுத்தியவர்

போன செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் எங்கள் பிள்ளைப்பாக்கம் தெருமுனையில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து என்னிடம்தான் முதலில் சொன்னார். "மரகதம் அக்கா பேக்கிங்கில உக்காந்துகினு இருந்தாங்கம்மா. அப்படியே சாஞ்சிட்டாங்க." மாரடைப்பு. பேக்கிங் என்ற சொல் என்னைக் குத்தியது. அவர் அங்கே உட்கார வேண்டியவரே அல்ல.

மரகதம் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக வாழ்ந்தவர். உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. இரும்பில் முடியளவு விரிசல் இருந்தாலும் வெறுங்கண்ணால் கண்டுபிடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் மகள் தேன்மொழிக்கு ஆறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்தது. தினமும் இன்சுலின் ஊசி, சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்ப்பது எல்லாமே கதவைச் சாத்திக்கொண்டுதான். வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்ற பயம். 1991இல் அவளுக்குப் பதினொரு வயது. இனி வருடந்தோறும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். சொட்டு விட்டால் பல மணி நேரம் பார்வை மங்கும், கண் கூசும். தெரு கேட்குமே என்று நான் இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டேன்.

விஷயம் தெரிந்த ஒரே வெளியாள் மரகதம். "இன்னாத்துக்கு பயந்துகினு கீற? கண்ணு கோளாறு எனக்குன்னு சொல்லிடு. துணைக்கு இவளக் கூட்டிகினு போறேன்," என்றார்.

அப்படியே நடந்தது. வெயில் தாழ்ந்தபின் இருவரும் கைகோத்துத் திரும்புவார்கள். கறுப்புக் கண்ணாடி மரகதத்தின் முகத்தில் இருக்கும். சிறுமி அவரை நடத்தி வருகிறாள் என்று தெரு நினைத்தது. நடத்தி வந்தவர் அவர்.

நான்காம் வருடம் தேன்மொழியின் விழித்திரையில் ரத்தக் கசிவு தெரிந்தது. உடனே லேசர் வைத்துப் பார்வையைக் காப்பாற்றினார்கள்.

அதே வருடம், மரகதத்துக்குக் கண் சரியில்லை என்ற தெருப்பேச்சு கம்பெனிக்கும் போனது. சூப்பர்வைசர் அவரைக் கண் பரிசோதனை எழுத்துப் பலகை முன் நிறுத்திவிட்டார். முழுவதும் வாசித்திருந்தால் வேலை தங்கியிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு யாருக்காகப் போகிறார் என்ற கேள்வி எழும்.

"மூணாவது வரியோட நிறுத்திட்டேன்," என்று என்னிடம் சிரித்தார். "கடைசி வரியும் நல்லாவே தெரிஞ்சிது."

பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நான் அழுதேனே தவிர, யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை அவரை வாசலில் கிடத்தியிருந்தோம். யாரோ அவர் முகத்தில் அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருந்தார்கள். "பாவம், கண்ணு தெரியாமலே காலத்த ஓட்டிட்டா," என்றார் ஒரு அம்மாள். தேன்மொழி எழுந்தாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. வரன் ஒன்று கொண்டுவந்திருந்த என் நாத்தனாரும் கூட்டத்தில் இருந்தார். நான் மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதும் இழுத்தேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "மரகதம் அத்தைக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்காக. சின்ன வயசுலருந்து எனக்குத்தான் சக்கரை."

அவள் குனிந்து, அந்தக் கண்ணாடியை மெல்லக் கழற்றினாள்.

மரகதம் அக்கா, அடுத்த மாதம் அவளுக்குப் பரிசோதனை. நான்தான் கூட்டிப்போகிறேன். பட்டப்பகலில் இதே தெரு வழியாகத் திரும்பி வருவோம், கண்ணாடி அவள் முகத்தில் இருக்கும். நீங்கள் போய் வாருங்கள்.