பின்னால் நகர்ந்த கேமரா

அவர் பதினொரு வருடம் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். எலும்பு முறிந்து கிடப்பவர்களுக்குத் தரைக்கல்லின் ஒவ்வோர் இடுக்கும் ஓர் இடி. அதனால் வண்டியைக் கொஞ்சம் சாய்வாக விட்டு, சக்கரங்களை ஒவ்வொன்றாக இடுக்கைத் தாண்டவைக்கப் பழகியிருந்தார். எக்ஸ்ரே அறை போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

ஒருமுறை, பூட்டிக் கிடந்த பழைய வார்டைப் பாட்டு வீடியோ எடுப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். சாவியோடு இவரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். பாடகி நீண்ட தாழ்வாரத்தில் பாடிக்கொண்டே நடக்க வேண்டும். படுத்திருக்கும் நோயாளியின் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிவாளோ அப்படி, கீழேயிருந்து அண்ணாந்து, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும். தாழ்வாரம் நடுவில் வளைந்தது; கொண்டுவந்த தண்டவாளமோ நேர். வேறு வழியில்லாமல் கேமராமேனையே ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து இரண்டு பேர் தள்ளினார்கள். யூனிட்டில் கேமராமேனுக்கு நெட்டை என்றுதான் பெயர். முழங்காலுக்குக் கீழே கால் வெளியே தொங்கியது. ஆறு தடவையும் படம் குலுங்கியது.

இவருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, மூட்டையத் தள்ளுற மாதிரி தள்ளுறீங்க. மேல ஆளு இருக்காரு. நீங்க தள்ளி நில்லுங்க, நான் தள்ளுறேன்."

அவர்கள் சிரித்துக்கொண்டே விலகினார்கள். ஏழாவது தடவை ஷாட் ஓகே ஆனது. நெட்டை எழுந்திருக்காமலே கேட்டார்: "அக்கா, உங்களுக்கு என்னைக்கு லீவு?"

முதலில் லீவு நாளில் மட்டும் கேமரா வண்டி தள்ளப் போனார். ஒரு வருடம் கழித்து ஆஸ்பத்திரி வேலையை விட்டார். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கணவர், வண்டி ஓட்டுகிற குடும்பம்தானே என்று ஒத்துக்கொண்டார். மாமியாருக்குத்தான் குறை. பாட்டு முழுவதையும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்க வர்ற?" என்று கேட்டார். "படம் ஆடாம போகுதுல்ல அத்தை, அங்கெல்லாம் நான்தான்" என்றார் மருமகள். மாமியார் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

வேலையைக் கால்தான் கற்றுக்கொண்டது. பல்லவிக்கு ஒரு நடை, சரணத்துக்கு ஒரு நடை. முகத்தை நோக்கிப் போனால் பாடுகிறவரின் மனசுக்குள் போவதாம். விலகி வந்தால் ஆள் தனியாகிவிடுவாராம். சுற்றிச் சுற்றி வரச் சொன்னால் காதல் பாட்டு என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் போயிருக்கும். காலியான ஒரு தொழிற்சாலைக் கொட்டகையில் படப்பிடிப்பு. துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கு அதுதான் முதல் பாட்டு. தூரத்தில் தொடங்கி, பாட்டு முடியும்போது கேமரா அவள் முகத்தருகே வந்து நிற்க வேண்டும். நன்றாகத்தான் பாடினாள். ஆனால் வண்டி பக்கத்தில் வந்ததும் முகம் கட்டையாகிவிட்டது. கேமராவை மறந்துவிடச் சொன்னார் டைரக்டர். அப்படிச் சொன்ன பிறகு அவளுக்கு வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை. ஒன்பது தடவை ஆயிற்று.

தள்ளுகிறவருக்கு எதிரே எந்நேரமும் அவள்தான். வண்டி கிளம்பியதுமே அவள் தோள் இரண்டும் மேலே ஏறுவதைக் கவனித்தார். ஊசித் தட்டைக் கண்ட நோயாளிகளுக்கு இப்படித்தான் ஏறும். டீ இடைவேளையில் நெட்டையிடம் போனார்.

"அந்தப் பொண்ணு பயப்படுது தம்பி. உங்களுக்கு அது ஷாட்டு, அவளுக்கு லாரி வர்ற மாதிரி இருக்கு. முகத்துக்கிட்ட ஆரம்பிச்சு நாம பின்னால போவோமே. விலகிப் போறதப் பார்த்து யாரு பயப்படுவா?"

டைரக்டர் தயங்கினார். பின்னால் போனால் பாட்டு அழுதுவிடும் என்றார். நெட்டை கெஞ்சியதில் ஒரே ஒரு தடவைக்குச் சம்மதித்தார்.

வண்டி பின்வாங்கத் தொடங்கியது. தோள் இறங்கியது. சரணத்தில், யாரும் சொல்லாமலே, அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வைத்தாள். பிறகு பாடிக்கொண்டே வண்டியைத் தொடர்ந்து நடந்துவர ஆரம்பித்தாள். இவர் அவள் நடைக்கு நடை கொடுத்து இழுத்தார். தண்டவாளம் முடியப் பத்தடிதான் இருந்தது. சட்டென்று நின்றால் எல்லாம் பாழ். வேகத்தைத் துளித்துளியாகக் குறைத்தார். அவள் குறைக்கவில்லை. கடைசி வரிக்கு வண்டி நின்றபோது, டைரக்டர் கேட்ட இடத்துக்கு அவள் முகம் தானே வந்திருந்தது.

டைரக்டர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். யார் சொன்ன யோசனை என்று விசாரித்தார். நெட்டை கையைக் காட்டினார். "இனிமே ஒத்திகைக்கும் அவங்கள வரச் சொல்லுங்க" என்றார் டைரக்டர்.

கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண் தேடிக்கொண்டு வந்தாள். "ஏன் நடந்தேன்னு எனக்கே தெரியலக்கா. நீங்க போயிடுவீங்களோன்னு இருந்துச்சு." இவர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தார். இறங்க வேண்டிய இடத்தை விட்டு பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது.

இப்போது ஒத்திகையில் அவருக்கென்று நாற்காலி உண்டு, உட்காரத்தான் நேரமில்லை. கால் வலிக்கிறதா என்று கணவர் கேட்டால் வலிக்கிறது என்பார். வேலையை விடேன் என்றால் பேச்சை மாற்றிவிடுவார். அடுத்த வாரம் ஒரு நீச்சல் குளத்தைச் சுற்றி வண்டி போக வேண்டுமாம். தரை வழுக்குமா என்று நேற்றே போய், செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.