கதவைக் கழற்றிய மேயர்

இன்று காலை, பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்து ஜான்-டலோன் சந்தையில் ஒருவர் சிவப்புக் குடைமிளகாய்களை நெருப்பில் சுட்டுக்கொண்டிருந்தார். தோல் கருகும் மணம் மூக்கில் ஏறியதும், கத்தரிக்காய் வாங்கப் போனவன் அதை மறந்து நின்றுவிட்டேன். அந்த மணம் வந்தால் எனக்குப் பசிக்காது. யாரோடாவது சண்டை பிடிக்கவேண்டும்போல் இருக்கும். இந்த வாரம் அதற்குக் காரணமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அந்த மணத்தை எனக்குப் பழக்கிவிட்டவர் வெஸ்கா. பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் நாங்கள் முதன்முதல் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரி. ஒவ்வொரு இலையுதிர் காலமும் பல்கனியில் மிளகாய் சுட்டுக் கட்டடத்தையே இருமவைப்பார். பல்கேரியாவில் கம்யூனிச ஆட்சி விழுந்தபின் நடந்த தேர்தலில் வென்று, ஒரு சிறு பட்டணத்துக்கு மேயராக இருந்தவர். எங்கள் ஆட்களுக்கு அவர் 'விதானையார்'. ஊரில் காணித் தகராறென்றாலும் கையெழுத்தென்றாலும் கிராமத்து விதானையாரிடம்தானே ஓடுவோம்!

ஒரு மாரியில், பனி கொட்டும் நேரம், கட்டட முதலாளி ஹீற்றரை நிறுத்திவிட்டார். குளிர் தாங்காமல் நாங்கள் வெளியேறினால் வீடுகளைத் திருத்திக் கூடிய வாடகைக்கு விடலாம் என்ற நினைப்பு. மகள் அப்போது கைக்குழந்தை. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் மூட்டை இறக்கி உழைத்த எனக்கு வேறு வீடு எடுக்க வழியில்லை.

"விதானையாரிட்டக் கதைச்சுப் பாருங்கோவன்," என்றாள் மனைவி. "வெறுங்கையோட போகாதேங்கோ."

நானும் ஊர் வழக்கப்படி ஒரு சீப்பு வாழைப்பழமும் விஸ்கிப் போத்தலுமாக, முதுகை வளைத்துக்கொண்டு போனேன். அன்று திங்கட்கிழமை. திங்கள் பின்னேரங்களில் அவர் வீட்டுக் கதவு யாரும் வரலாம் என்று அகலத் திறந்திருக்கும். போத்தலைக் கண்டதும் மனுஷிக்கு முகம் சிவந்துவிட்டது. உடைந்த பிரெஞ்சில் அவர் திட்டியதை எங்கள் தமிழில் தருகிறேன்.

"எங்கட பழைய கட்சிச் செயலாளருக்கும் கோழி குடுத்தாத்தான் கையெழுத்து. நான் மேயராய் வந்தவுடன முதல் வேலையா என்ர மேயர் கந்தோர்க் கதவைக் கழட்டினன். ஆரும் வரலாம், கோழியில்லாமல்!"

"பேந்து?"

"பேந்தென்ன, அடுத்த தேர்தலில அதே செயலாளர் புதுக் கழுத்துப்பட்டியோட வந்து வெண்டான். கதவையும் திரும்பப் போட்டான். பிழை என்னிலதான். சனத்துக்காக எல்லாத்தையும் நானே கதைச்சன். நான் போக, எல்லாரும் வாயை மூடிட்டினம். இந்த முறை நீ கதை."

வட்டார மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குவார்கள். வெஸ்கா கட்டடத்து ஆட்களையெல்லாம் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் இருத்திவிட்டு, என்னை மைக்கடிக்குத் தள்ளினார். மேசைக்குப் பின்னால் பெரிய மனிதர்களைக் கண்டதும் என் கைகள் தாமாகவே நெஞ்சில் கட்டிக்கொண்டன.

"கையை எடு!" என்று பின்னாலிருந்து வெஸ்காவின் அதட்டல்.

எடுத்தேன். மனைவி, தொப்பியும் கையுறையும் போட்ட மகளைத் தூக்கிப் பிடித்தாள். "வீட்டுக்குள்ள இப்பிடித்தான் படுக்கிறாள்," என்றேன். என் பிரெஞ்சு தடுக்கித் தடுக்கி வந்தது. "நாங்கள் போகமாட்டம்" என்பதை மட்டும் மண்டபம் கேட்கச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பயந்ததில்லை.

நகரசபை ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஹீற்றர் மறுபடி சுட்டது. மகள் பள்ளிக்கூடம் போகும்வரை அங்கேயே இருந்தோம்.

சந்தையிலிருந்து திரும்பும்போது அந்தத் தெருவால் வந்தேன். வெஸ்கா இறந்து பல காலமாயிற்று. அவருடைய பல்கனியைக் கண்ணாடியால் அடைத்துவிட்டார்கள். வாசலில் எண் அழுத்தும் பூட்டும் கமராவும். திங்கட்கிழமைதான், ஆனாலும் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

இப்போது நாங்கள் இருக்கும் கட்டடமும் அப்படித்தான். போன வாரம் புதிய முதலாளியின் ஆள் வீடு வீடாக வந்து, எல்லாரையும் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரர் சத்தமில்லாமல் பெட்டி கட்டுகிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பின்னேரம் பல்கனியில் மிளகாய் சுட்டேன். பிறகு எங்கள் வீட்டுக் கதவை அகலத் திறந்து, பக்கத்தில் இரண்டு கதிரை போட்டேன்.

"குளிர் வருதெல்லே, சாத்துங்கோ," என்றாள் மனைவி.

"வரட்டும்," என்றேன்.