அம்மாவும் தங்கையின் பேச்சும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் பலரும் அம்மாவைப் பொறுமைசாலி என்கிறீர்கள். அந்தப் பொறுமை யாரால் தேவைப்பட்டது என்பதையும் மகளாகிய நான் எழுதியாக வேண்டும்.

பெருமாநல்லூர் பக்கம் பிறந்து, மணமாகி முதலிபாளையம் வந்த அம்மா, அப்பா இறந்தபின் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். தங்கைக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார் மருத்துவர்.

"நீ வேலைக்குப் போயிட்டதுனாலதானம்மா புள்ள இப்படி ஆச்சு" என்றார் பெரியப்பா. கூடியிருந்த நீங்கள் ஒருவரும் மறுக்கவில்லை.

அம்மா வாரம் இரண்டு நாள் பர்மிஷன் கேட்டு, டவுன் பஸ்ஸில் தங்கையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார்கள். தண்ணீர், பசி, வலி என்று பட அட்டைகள் கொடுத்தார் பயிற்சியாளர். தங்கை அட்டையை எடுத்து நீட்டுவாள். அம்மா அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சீட்டாடறதுக்கு எதுக்குங்க பயிற்சி?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

பெரியப்பா மகளின் நிச்சயதார்த்தத்தில் ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் தங்கை காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். அம்மா பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில் அவளை ஓர் அறையில் வைத்துப் பூட்டினீர்கள். கதவைத் தட்டித் தட்டி அவள் கை வீங்கிவிட்டது.

"சத்தம் தாங்கலைன்னுதானுங்க எம்புள்ள சொன்னா. உங்களுக்குத்தான் கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சாப்பிடாமல் வெளியேறினார்கள். அதன்பின் உங்கள் விசேஷம் எதற்கும் வரவில்லை. அதைத் திமிர் என்றீர்கள்.

அம்மா புற்றுநோயில் ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஆப்பிள் பையோடு வந்தீர்கள். "நல்லா இருக்கறேனுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார்கள் அம்மா. என்னிடமும் அதே பதில்தான். ஒரு மத்தியானம், இருபது வயதான தங்கை கட்டிலருகே நின்று வலி அட்டையை நீட்டினாள்.

"வலி?" என்று வாய்விட்டும் கேட்டாள். அவள் வாழ்நாளில் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆமா கண்ணு, ரொம்ப வலிக்குது" என்றார்கள் அம்மா. தங்கை போய் நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

காரியத்தன்று தங்கையைக் காட்டி, "அதுக்கென்ன தெரியும், அழுகக்கூட இல்ல" என்றார் பெரியப்பா.

பயிற்சியாளருக்கும், பர்மிஷன் நாட்களில் அம்மாவின் வேலையையும் சேர்த்துப் பார்த்த தோழிக்கும், அந்த நர்ஸுக்கும் எங்கள் நன்றி. வேறு யாருக்கும் நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

தங்கை என்னோடுதான் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவளைப் பற்றி என்னிடம் விசாரிக்காதீர்கள், அவளிடமே கேளுங்கள். பதில் வரும்வரை உட்கார முடியாதவர்கள் வர வேண்டாம்.