ஊமை ரேடியோவும் இரண்டு மோட்டார்களும்

எழுபதுகளில் ஒரு கோடை. முதலமடையில், எங்கள் தோட்டத்து மாங்காய்க் கிடங்குப் பரணில் வருடக்கணக்காகக் கிடந்த வால்வு ரேடியோவை இறக்கி, வம்பை விலைக்கு வாங்கினேன். உள்ளேயிருந்த எலிக்கூட்டை வாரிக் கொட்டினேன். பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் சுமந்துபோய் வால்வுகளை மாற்றினேன். கடையில் கணீரென்று பாடியது, வீட்டுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது.

"பாடித் தொலையேன், சனியனே!" என்று மாலைதோறும் அதன் தலையில் தட்டுவேன்.

ஒருநாள் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். எல்லைத் தென்னைத் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்துத் தோட்டக்காரர்.

"ஏனுங்க, அதையப் போட்டு ஏன் அடிக்கறீங்க? கரண்ட்டப் பூராம் நம்ம ரெண்டு கெணத்து மோட்டாரும் இழுத்துக்குதுங்க. எம்பட மோட்டார நிறுத்திப்போட்டனுங்க. உங்களுதையும் நிறுத்திப் பாருங்க."

அவருடைய கத்தரிச் செடிகள் தண்ணீருக்கு வாடிக்கொண்டிருந்தன. எரிச்சலோடு போய் என் மோட்டாரை நிறுத்தினேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ரேடியோ வாய் திறந்தது. பாட்டா வந்தது? உரம் போடுவதைப் பற்றி யாரோ பேசினார்.

"சத்தமா வைங்க, எனக்கும் கேக்கட்டும்" என்றார் அவர்.

ரேடியோவைத் தட்டிய அத்தனை மாலைகளில் ஒன்றிலாவது, அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்.